மீட்டர் பெட்டியில் நிற்கும் மின்கார்

திண்டுக்கல்லில் கார் வைத்திருக்கும் ஒரு குடும்பம் ஒரு மாதத்தில் எங்கெல்லாம் போய்வருகிறது என்று எழுதிப் பாருங்கள். பழனி 60 கிலோமீட்டர். மதுரை 65. ஒட்டன்சத்திரம் 30. வேடசந்தூர் 20. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, நத்தம் எல்லாம் நாற்பதுக்குள். தேனியும் கரூரும் எழுபத்தைந்தை ஒட்டி. திருச்சி 100. கல்யாணம், காதுகுத்து, மதுரை ஆஸ்பத்திரி, பழனி மலை, பிள்ளையின் கல்லூரி, தோட்டத்துக்கு ஒரு நடை என்று எதை எடுத்தாலும் காலையில் கிளம்பி ராத்திரி சொந்தக் கட்டிலில் வந்து படுக்கிற தூரம்தான். சென்னைப் பயணம் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தால் அதிகம். அதற்கும் பாதிப் பேர் ரயிலில்தான் போகிறார்கள்.

30 யூனிட் பேட்டரி உள்ள ஒரு மின்கார், ஏ.சி. போட்டுக்கொண்டு நம் சாலைகளில் ஓடினால் 200 கிலோமீட்டர் வரும். விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை விட்டுத்தள்ளுங்கள்; யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்பது ஓட்டுகிறவர்கள் ஒப்புக்கொள்ளும் கணக்கு. மதுரை போய்த் திரும்ப 130 போதும். ஆனாலும் இந்த ஊரில் மின்கார் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி, “நடு ரோட்டில் சார்ஜ் தீர்ந்துபோனால் என்ன பண்ணுவீர்கள்?” என்பதுதான். அரசும் அதே கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் எத்தனை சார்ஜர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று என்று அறிவிப்புகள் வருகின்றன. 2022-ல் பாரத் பெட்ரோலியம் சென்னை–திருச்சி–மதுரை வழியில் தன் பங்க்குகளில் வேக சார்ஜர்களை வரிசையாக வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் திண்டுக்கல் போன்ற ஊரில் பெட்ரோல் காரை விட்டு மின்காருக்கு மாறுவதைத் தடுப்பது நெடுஞ்சாலை கிடையாது. வீட்டு வாசலில் தொங்கும் மீட்டர் பெட்டி.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடலாம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் நாகல்நகர் மேம்பாலமும் கடைவீதி நெரிசலும் சேர்ந்து, பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் சந்தோஷம். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்தபிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்று பங்க்கில் நிற்கிறவர்கள் எல்லோரும் புலம்புகிறார்கள். எவ்வளவு குறைந்தது என்பதில்தான் அவர்களுக்கும் பெட்ரோலிய அமைச்சகத்துக்கும் சண்டை. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்பதால் மாதம் 6,700 ரூபாய் பெட்ரோலுக்குப் போகிறது. மின்காருக்கு அதே ஆயிரம் கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 165 யூனிட்.

யூனிட் என்ன விலை? இங்கேதான் சிக்கல் ஆரம்பம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை என்று ஒன்று இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் நூறு யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் அடங்கினால் அடுத்த நூறு இரண்டு ரூபாய்ச் சொச்சம், அதற்குமேல் 400 வரை ஐந்து ரூபாய்க்குள். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த மலிவான நூறு கையைவிட்டுப் போய்விடும். பிறகு 501 முதல் 600 வரை எட்டு ரூபாய்க்கு மேல், 800 வரை ஒன்பதுக்கு மேல், ஆயிரம் வரை பத்துக்கு மேல், ஆயிரத்தையும் தாண்டினால் பதினொன்றுக்கு மேல். 2022 செப்டம்பரில் வந்த அமைப்பு இது; 2024 ஜூலையில் விலை மேலும் ஏறியது.

இரண்டு மாதத்தில் 350 யூனிட் ஓட்டும் சாதாரண வீட்டுக்கு கரண்ட் பில் 950 ரூபாய் சுமாருக்கு வரும். கார் வந்தபிறகு இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் கூடுகிறது. பில் 3,650 ரூபாய் பக்கம் போய் நிற்கும். அதாவது காருக்கு மட்டும் 2,700. கார் குடித்த ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய் என்று ஆகிறது. முன்பு பில்லை மேஜையில் வைத்துவிட்டுப் போன வீட்டுக்காரருக்கு இப்போது அதைப் பார்த்தால் வயிறு கலங்கும். அதே மனிதர் இரண்டு மாதத்தில் 13,400 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டது பத்து பன்னிரண்டு தவணையாகப் பிரிந்து போனதால் கண்ணில் படவில்லை. கூட்டிக் கழித்தால் மாதம் 5,300 ரூபாய் மிச்சம். இதை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தவர்கள் பிறகு பங்க் பக்கம் திரும்புவதில்லை.

கோடையில் ஏ.சி. ஓடும் வீடாக இருந்தால் கதை வேறு. அங்கே ஏற்கெனவே 700 யூனிட். காரும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். கார் யூனிட்டின் விலை பத்து ரூபாய்க்குப் போகும். அப்போதும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குள்தான். பெட்ரோலுக்கு ஆறே முக்கால். லாபம் இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் வீட்டு உபயோகத்தைக் கட்டுப்படுத்த வைத்த அடுக்குக் கட்டணம், புகையில்லாத வண்டிக்கு மாறுகிறவர்மேல் போய் விழுவது எந்த நியாயத்தில்? அளவுக்கு மீறி விளக்கெரிப்பவரிடம் கூடுதலாக வாங்கத்தானே அந்த அடுக்கு?

டெல்லியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மின்வண்டிக்குத் தனி இணைப்பு, தனி மீட்டர். 2019 கட்டண உத்தரவிலேயே யூனிட் நாலரை ரூபாய் என்று ஒரே விலை. வீட்டு பில்லும் வண்டி பில்லும் ஒன்றோடொன்று மோதாது. கார் ஆலைகளை வரவழைப்பதில் நாட்டிலேயே முன்னால் நிற்கிற மாநிலம் நம்முடையது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்ஸ்கூட்டர் ஆலைகள், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை. 2023 மின்வாகனக் கொள்கையில் 2025 டிசம்பர் வரை சாலை வரி முழுவதும் தள்ளுபடி என்று கொடுத்தார்கள். (வண்டி புக் செய்கிற அன்றைக்கு அந்தச் சலுகையின் நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.) வாங்கும்போது ஒருமுறை கிடைக்கிற சலுகையைப் பற்றி யோசித்த அளவுக்கு, ஓட்டும்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற பில்லைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மீட்டரைத் தாண்டினால் அடுத்தது எர்த். இதைக் கார்க் கம்பெனிக்காரர்கள் ஷோரூமில் சொல்வதில்லை. ஆர்.எம். காலனியில் ஒரு நண்பர் வீட்டில் நடந்தது. புது வண்டி வந்து பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாயங்காலம் கார் ஷெட்டில் இருந்த 15 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு. ஏறவே இல்லை. வண்டியில் கோளாறு என்று வீடே பதறியது. எலெக்ட்ரீஷியன் வந்தார், ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பை ஹோல்டரோடு எடுத்து, ஒரு வயரை பேஸிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தார். பல்பு அழுது வழிந்தது. “எர்த்தே இல்லை சார், பேருக்குக் கம்பி போயிருக்கு” என்றார். வீடு கட்டி இருபது வருஷமாயிற்று. இத்தனை காலமும் கிரைண்டரும் ஹீட்டரும் மௌனமாகப் பொறுத்துக்கொண்டதைக் கார் பொறுக்கவில்லை. அது முதலில் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தை உள்ளே விடும். அந்த வகையில் வீட்டில் இருப்பவர்களைவிட அதற்குப் புத்தி அதிகம். மறுநாள் வாசலில் குழி தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் மாறிமாறிப் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் பச்சை விளக்கு எரிந்தது.

திண்டுக்கல் மண்ணில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. கொஞ்சம் தோண்டினால் பாறை. சித்திரை வைகாசியில் மண் காய்ந்து எர்த் செத்துப்போகும். குடிக்கிற தண்ணீரே நாள் கணக்கு வைத்துக் குழாயில் வருகிற ஊரில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கு நினைவிருக்கும்? இனி இருக்கவேண்டும். மின்கார் வாங்க நினைப்பவர் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் வயரின் பருமனையும் பார்க்கச் சொல்வது நல்லது. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். ராத்திரி பத்து மணிக்குச் சொருகினால் காலை ஆறுக்குள் 24 யூனிட், 160 கிலோமீட்டருக்குமேல். இதுவே ஏராளம். ஏழு கிலோவாட் பெட்டி சுவரில் மாட்டியே தீரவேண்டும் என்று ஆசைப்பட்டால் மும்முனை இணைப்புக்கு எழுதிக்கொடுத்து ஈ.பி. ஆபீசுக்கு நடக்க வேண்டியிருக்கும். பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளும் இந்தக் காரைப் பாதிக்காது. அது ராத்திரியில் சாப்பிடுகிற பிராணி.

கொடைக்கானல்? கேட்காமல் விடமாட்டார்கள். திண்டுக்கல்காரனுக்கு மலை என்பது கண்ணுக்கெதிரே இருக்கிற சோதனை. செம்பட்டி, வத்தலக்குண்டு, காட்ரோடு வழியாக 95 கிலோமீட்டர். ஏற்றம் 1,800 மீட்டர். காரும் ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,700 கிலோ என்றால் அதை அவ்வளவு உயரம் தூக்கப் பள்ளிக்கூட இயற்பியல் கணக்கிலேயே எட்டு யூனிட் ஆகிறது; மோட்டார் விரயமும் சேர்த்து ஒன்பது. வழித்தூரத்துக்கு ஒரு பதினான்கு. ஆக முழு சார்ஜோடு கிளம்பிய 30 யூனிட் வண்டி ஏரிக்கரையில் நிற்கும்போது ஏழு யூனிட் மிஞ்சியிருக்கும். திரையில் 23 சதவீதம் என்று பார்த்தால் முதல் தடவை யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும்.

இறங்கும்போதுதான் வேடிக்கை. பெட்ரோல் காரில் டம் டம் பாறை வளைவுகளில் இரண்டாவது கியரில் உறுமவிட்டு, பிரேக் காய்ந்த வாசனையோடு இறங்கிய அதே சாலையில், மின்கார் சரிவில் உருளும் விசையையே மோட்டார் வழியாகத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புகிறது. பிரேக்கில் கால் வைக்கிற வேலையே குறைவு. காட்ரோடு வந்து சேரும்போது மேலிருந்து கிளம்பும்போது இருந்ததைவிட இரண்டு யூனிட் கூடவே இருக்கும். இருந்தாலும் அங்கிருந்து வீட்டுக்கு 45 கிலோமீட்டர் இருப்பதால் சார்ஜ் போடாமல் ஒரே நாளில் போய்த் திரும்புவது சூதாட்டம்தான். மேலே தங்குகிற இடத்தில் ஒரு பிளக் உண்டா என்று அறை போடும்போதே கேட்டுவிட்டால் முடிந்தது. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் எடுத்துத்தான் மலையேறுகிறோம். 2025 கோடையில் நாளொன்றுக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பும் போட்டார்கள். இத்தனை ஏற்பாடு செய்கிற நிர்வாகம், விடுதி உரிமம் புதுப்பிக்கும்போது வண்டி நிறுத்துமிடத்தில் நான்கு பிளக் வைக்கச் சொல்லிவிட்டால் மலைப் பயம் பாதி தீரும். வேக சார்ஜர்கூட வேண்டாம். ராத்திரி முழுக்க வண்டி சும்மாதான் நிற்கிறது.

எல்லோரும் மாறிவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. மாதம் 400, 500 கிலோமீட்டர்தான் ஓடுகிற கார் உங்களுடையது என்றால் இருக்கிற பெட்ரோல் காரையே வைத்துக்கொள்ளுங்கள். ஒத்த அளவு மின்காருக்கும் பெட்ரோல் காருக்கும் இரண்டு மூன்று லட்சம் விலை வித்தியாசம் வருகிறது. மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஆனால் 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார் வரியை 18 சதவீதத்துக்குக் குறைத்ததில் அந்த இடைவெளி விரிந்துவிட்டது. மாதம் ஆயிரம் ஓட்டுகிறவருக்கு மூன்று லட்சம் ஐந்து வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடும். 450 ஓட்டுகிறவருக்குப் பத்து வருஷம் தாண்டும். அதற்குள் பேட்டரிக்குக் கொடுத்த எட்டு வருஷ வாரண்டியே முடிந்துபோகும். தினம் வேடசந்தூர் மில்லுக்குப் போய்வருகிறவர், காந்திகிராமத்துக்கோ நிலக்கோட்டைக்கோ வேலைக்குப் போகிறவர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு விடியலில் கிளம்புகிற கமிஷன் கடைக்காரர், இவர்களுக்காக அளவெடுத்துத் தைத்த வண்டி அது. பெட்ரோல் காரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிற ஓய்வுபெற்றவருக்கு அல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த ஊரில் முதல் கார் என்பது பெரும்பாலும் பழைய கார். மூன்று லட்சத்துக்குள், இரண்டு பேர் ஓட்டிய வண்டி, தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் இன்ஜின் சத்தம் கேட்டு, சைலன்சர் புகையின் நிறம் பார்த்து வாங்குகிறோம். பழைய மின்காரில் கேட்கச் சத்தமும் இல்லை, பார்க்கப் புகையும் இல்லை. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது உள்ளே ஒரு எண்ணாக ஒளிந்திருக்கிறது. 2015 வாக்கில் இலங்கையில் ஜப்பானிலிருந்து பழைய நிசான் லீஃப் கார்கள் நிறைய வந்து இறங்கின. அந்த பேட்டரிக்குக் குளிர்விக்கும் திரவ ஏற்பாடு கிடையாது; வெக்கையில் சில வருஷத்திலேயே தூரம் சுருங்கி, வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் திரவக் குளிர்விப்பு இருக்கிறது. வெப்பத்தைத் தாங்கும் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளே இந்தியாவில் அதிகம். எனவே அதே விபத்து இங்கே நடக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு அந்த எண்ணைக் காட்ட ஒருவர் வேண்டாமா? ஐரோப்பாவில் 2027-லிருந்து ஒவ்வொரு கார் பேட்டரிக்கும் அதன் வரலாற்றைச் சொல்லும் மின்னணுக் கடவுச்சீட்டு வரப்போகிறது. இங்கே அரசு செய்தது, 2024 டிசம்பரில், பழைய மின்காரை வியாபாரி விற்றால் அவருடைய லாபத்தின்மேல் இருந்த 12 சதவீத வரியை 18 ஆக உயர்த்தியதுதான். திண்டுக்கல் ஐ.டி.ஐ.யில் ஒரு பேட்டரிச் சோதனைக் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த இரண்டு பையன்களும் இருந்தால், பழைய மின்கார் சந்தை இந்த மாவட்டத்தில் தானாக உருவாகும். ஸ்பேனர் பிடித்தே வாழ்ந்த பட்டறைக்காரர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

தெருவில் வண்டி நிறுத்துகிறவர்கள் கதை இதைவிடக் கஷ்டம். ரதவீதிகளையும் பேகம்பூரையும் சுற்றி இருக்கிற வீடுகளுக்கு வாசலே சாலைதான், ஷெட் எங்கே? காம்பவுண்ட் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் சப்-மீட்டரில் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்கிற விலையைக் கொடுப்பவர்; அந்த வீட்டுக்காரரிடம் போய் “கார் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார். நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார் என்று நாம் வியக்கிறோம். அங்கே பெரும்பாலோர் சார்ஜ் போடுவது சொந்த வீட்டில் என்பதைச் சேர்த்தே படிக்கவேண்டும். பொது வேக சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயை ஒட்டி வருகிறது, 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு. அதை மட்டுமே நம்பி ஓட்டினால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். லாபத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். இவர்களுக்கு வேலை பார்க்கும் இடம்தான் வழி. பகல் முழுக்க நூற்பாலையிலும் கல்லூரியிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் வெயிலில் வெந்துகொண்டு நிற்கிற கார்களுக்குமேல் ஒரு சோலார் கூரை, கீழே பிளக். 2024 செப்டம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலும் காலை 9 முதல் மாலை 4 வரை பொது சார்ஜிங் நிலையங்களுக்குக் குறைந்த கட்டணம் என்றுதான் சொல்கிறது. வெயிலுக்கு இங்கே என்றைக்குப் பஞ்சம் வந்தது?

தோட்டத்து வீட்டுக்காரர்கள் சிலர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒரு யோசனை சொல்கிறார்கள்: இலவச மோட்டார் இணைப்பில் காரைச் சொருகிவிட்டால்? செய்யாதீர்கள். விவசாயத்துக்குக் கொடுத்த மின்சாரத்தை வேறு காரியத்துக்கு எடுப்பது சட்டப்படி முறைகேடு. பறக்கும் படை வந்தால் கட்டவேண்டிய அபராதத்தில் பல வருஷத்துக்குப் பெட்ரோல் போடலாம். அதைவிட, இலவச மின்சாரத்தை நிறுத்த காரணம் தேடுகிறவர்களுக்கு நாமே ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்ததாக ஆகும்.

கேட்கவேண்டியதை நேராகக் கேட்கலாம். வீட்டில் காருக்கென்று தனி மீட்டர், அடுக்கில் சேராத ஒரே விலை, பகல் வெயில் நேரத்திலும் நள்ளிரவுக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் குறைவு. நேரம் பிரித்துக் காட்டும் ஸ்மார்ட் மீட்டர் எல்லா வீட்டுக்கும் வர வருஷங்கள் ஆகும். கார் உள்ள வீடுகளுக்கு முதலில் மாட்டலாம், விருப்பப்பட்டவர் காசு கொடுத்தே வாங்கிக்கொள்வார். மின்வாரியத்துக்கும் நஷ்டமில்லை. ஆடிக் காற்றில் தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் ராத்திரி முழுக்கச் சுழல்கின்றன; அந்த நேரத்து மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்.

2022 கட்டண உயர்வுக்கு முன்னால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. இந்த மாதிரிக் கூட்டங்களில் சிறுதொழில் சங்கங்களும் ஆலைச் சங்கங்களும் மனுவோடு வந்து, யூனிட்டுக்கு எத்தனை பைசா என்று ஆணையத்தின் முகத்துக்கு நேரே வாதாடுவார்கள். கார் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்குச் சங்கமும் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு வரும்போது மனு எழுத வக்கீல் வேண்டாம். கார் வாங்குவதற்கு முந்தைய கரண்ட் பில் ஒன்று, வாங்கிய பிறகு வந்தது ஒன்று, இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி எடுத்துப் போனால் போதும்.